தாலியில் ஐந்து ஊக்கு

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு வேலை அங்கே போய் ஆரம்பிப்பதில்லை. ஏர்போர்ட்டில், பெண்களைச் சோதிக்கும் திரைக்கு முன்னால் நிற்பதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. நீங்களும் நின்றிருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

கை காட்டினால் நிற்காது

எண்பத்தைந்தில் லீவு முடிந்து மஸ்கட் திரும்பினேன். அன்றைக்கு வந்து சேராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாக எஜமானி கறாராகச் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரர் என்னைக் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏற்றிவிட்டதிலிருந்தே பக்கத்தில் இருப்பவர்களிடம் மணி கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஏர்போர்ட்டில் ஆண்கள் வரிசை மளமளவென்று நகர்ந்தது. பெண்கள் இருபது பேருக்கும் ஒரே ஒரு பெண் போலீஸ்; அவளும் சாப்பிடப் போயிருந்தாள். சோதனை முடிந்து அந்தப் பக்கம் நின்ற விழுப்புரத்துக்காரர் ஒருவரிடம், "அண்ணே, நாங்க வர்ற வரைக்கும் பிளேன் நிக்குமா?" என்று நாலாவது தடவையாகக் கேட்டேன்.

"திண்டிவனம் பஸ்ஸுன்னு நெனச்சிக்கினியாம்மா, கை காட்டுனா நிக்கறதுக்கு?" என்றார்.

கயிற்றைக் கழற்று

ஒருவழியாக என் முறை வந்தது. போலீஸ்காரி கையிலிருந்த கருவியை என் மார்புக்கு நேரே கொண்டுவந்ததும் அது கத்தியது. அவசரத்துக்கு ஆகுமென்று தாலிக் கயிற்றில் ஊக்கு மாட்டி வைக்கிறோமே, என்னுடையதில் ஐந்து இருந்தது. கயிற்றைக் கழற்றச் சொன்னாள். செத்தாலும் மாட்டேன் என்றேன். கடைசியில் ஊக்குகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தேன். துருப்பிடித்த ஒன்று வருவேனா என்றது. வெளியே சத்தம் கேட்ட மற்ற பெண்களும் அவரவர் ஊக்கைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

ஐந்தையும் தட்டில் போட்டுக்கொண்டே போலீஸ்காரி சொன்னாள்: "தாலியில காசு கோத்துப் பாத்திருக்கேன். நீ கடையவே கோத்துக்கினு வந்திருக்கியே."

அறுந்த நூல்

வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை வைத்திருந்த கைப்பையில், சோதனை முத்திரை குத்திய சீட்டு தொங்க வேண்டும். முத்திரை விழுந்தது. ஆனால் வரிசையில் நின்ற பதற்றத்தில் அதன் நூலைத் திருகித் திருகி நைத்து வைத்திருந்தேன். நாலு எட்டு ஓடியதும் அறுந்துவிட்டது. விமானத்துக்குப் போகும் வாசலில் இருந்தவர், சீட்டு பையோடு இருந்தால்தான் விடுவேன் என்று திருப்பி அனுப்பினார். கடைசி அழைப்பும் கொடுத்துவிட்டார்கள். போச்சு வேலை என்று அழுதுகொண்டே மறுபடி திரைக்கு ஓடினேன்.

போலீஸ்காரி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டில் கையை விட்டாள். "இந்தா, உன் ஊக்குலயே ஒண்ணு. குத்திக்கினு ஜல்தி ஓடு."

எஜமானி வீட்டில் அதற்கப்புறம் இரண்டு வருஷம் சலிக்காமல் ஓடிவிட்டது, அந்தத் திரைக்கு முன்னால் நின்ற இரண்டு மணி நேரம்தான் எனக்கு இன்னும் முடிந்தபாடில்லை.