மாமியின் குருவிகள்

என் முகத்தைக் கருவாட்டு வாடி என்று முதலில் சொன்னவள் என் மாமி, வாப்பாவின் தங்கை. 'சொன்னவர்' என்று மரியாதையாக எழுத எனக்குக் கை வரவில்லை. கற்பிட்டியில் பாய் பாயாக நெத்தலி காயப் போடும் வாடிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு ஏன் ஊரெல்லாம் பரவியது என்று விளங்கும். எனக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கும் வயது. நெற்றி, கன்னம், தாடை எல்லாம் பரு. சண்டை முடிந்து, விரட்டப்பட்டு வந்த மன்னாருக்கே திரும்பிப் போவதா கற்பிட்டியிலேயே இருப்பதா என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டில் மட்டும் கதை என் முகத்தைப் பற்றி.

மாமியின் மகளுக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது.

"வீடியோக்காரன் வரக்குள்ள நீ குசினிப் பக்கம் நில்லு புள்ள. மாப்புள ஊட்டாக்கள் பாத்தா, எங்கட பரம்பரைக்கே இந்த வருத்தம் இரிக்கிண்டு நெனப்பாங்க."

அடுப்படியில் ஒளிந்துகொள்ளச் சொன்னதோடு விட்டாளா? பேர் ஒட்டாத ஒரு கிரீம் டப்பியையும் கொண்டுவந்து தந்தாள். "பூசிப் பாரு, மொகம் பளிங்கு மாதிரி வரும்." ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான். அவளுக்கு வேண்டியது அவளுடைய வீடியோ. ஆனாலும் பூசினேன். முதலில் பளபளத்தது உண்மை. பிறகு தோல் சிவந்து உரிந்தது, பரு முன்னையைவிட மோசமாகக் கிளம்பியது. தொழுகைக்கு ஒழு எடுக்கத் தண்ணீர் பட்டாலே எரிச்சலில் அழுதேன்.

யாரையும் எதிர்த்துப் பேசாத உம்மா அன்றைக்குப் பேசினார். "நீங்க தந்த சாமான்தானே மதினி, நீங்களே டொக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க." உம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. மாமிக்கோ சிலாபத்துச் சிங்கள முதலாளிமாரோடு கருவாட்டு விலை பேசிப் பழகிய பெருமை. குடும்பத்தில் சிங்களம் தெரிந்தது தனக்கு மட்டும்தான் என்பது அவள் எண்ணம். விடுமுறையில் வெங்காயப் பாத்தியில் வேலை செய்தபோது, கூட வேலை செய்த சிங்கள அக்காமாரிடம் நான் அதைப் பிடித்துவிட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சிலாபத்துக்குப் போகும் வழி முழுக்க என் முக்காட்டை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டே வந்தாள். தோல் டொக்டர் ஒரு சிங்களப் பெண். உட்கார்ந்ததும் மாமி தொடங்கினாள்.

"மூண புராம குருல்லோ, டொக்டர்!"

சிங்களத்தில் பருவுக்குக் குருலே. குருல்லோ என்றால் குருவிகள். முகம் முழுக்கக் குருவி என்று என் மாமி முறைப்பாடு செய்துகொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்? மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். டொக்டருக்கு விளங்கவில்லையாக்கும் என்று மாமி இன்னும் சத்தமாக, கையையும் விரித்துக் காட்டி, காலையில் எழும்பினால் புதுக் குருவி வந்திருக்கிறது, பழைய குருவி போகவும் இல்லை என்றாள். யா அல்லாஹ், சிரிப்பை அடக்கி எனக்கு வயிறு நொந்தது.

"என்ன கிரீம் பூசினீர்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒன்றும் இல்லை, சவர்க்காரம் மட்டும்தான்" என்று மாமி கூசாமல் சிங்களத்தில் பொய் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அந்தப் பொய்யை நம்பி மருந்து எழுதினால் வேகப்போவது என் தோல். பையிலிருந்த டப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். "பொய் டொக்டர். இதைத்தான் பூசினேன். இவர்தான் தந்தார்." நல்ல சிங்களத்தில், சத்தமாக.

மாமியின் வாய் பிளந்தபடி நின்றது. "ஒனக்கு சிங்களம் தெரியுமா?"

"ஓம் மாமி. குருல்லோண்டா குருவி எண்டும் தெரியும்."

டொக்டர் டப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு மாமிக்குக் கொடுத்த ஏச்சில் ஒரு சொல்கூட அவளுக்கு விளங்காமல் போகவில்லை. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் என்னிடம்தான். என் முகத்தைப் பற்றி என்னிடமே ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான்.

கண்டதையும் பூசாதே, மெதுவான சவர்க்காரத்தால் கழுவு, நகத்தால் கிள்ளாதே, இரவில் மருந்தை மெல்லிசாகப் பூசு, மாதக்கணக்காகும் என்றார். எல்லாவற்றையும் செய்தேன். நகத்தை ஒட்ட வெட்டினேன், தலையணை உறையை அடிக்கடி துவைத்தேன். அழகுக்காக என்று நினைக்காதீர்கள். மருந்தைத் தொடும்போதெல்லாம் மாமியின் முகம்தான் நினைவுக்கு வரும், உடனே ஒழுங்காகப் பூசுவேன். பிறகு சிலாபத்துக்குத் தனியாகவே போய்வந்தேன், முக்காட்டை முகத்துக்கு இழுக்காமல்.

கலியாணத்துக்கு முதல்நாள், வெங்காயம் உரிக்க வந்த பெண்களிடம் குருவிக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். தவளை தன் வாயால் கெடும், நான் கொஞ்சம் ஊருக்கு அறிவித்தேன், அவ்வளவுதான். கலியாணத்தன்று முகம் முழுதாக ஆறியிருக்கவில்லை. ஆனாலும் வீடியோக்காரன் வந்தபோது முன்னுக்குப் போய் நின்றேன்.

மாமி பல்லைக் கடித்தாள். "பவுடராச்சும் பூசிக்கொள்ளு புள்ள, மானம் போகுது."

"பூசினா குருவியெல்லாம் பறந்துரும் மாமி."

பெண்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள்.

அந்த வீடியோவைப் பிறகு போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் பக்கத்தில், தாடையில் ஒரு பெரிய பருவோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நான் நிற்கிறேன். மாமியைத் தேடினேன். பெண்கள் சிரித்ததும் குசினிப் பக்கம் போனவள் கடைசிவரை வெளியே வரவே இல்லை.