பங்கு போட்ட மாத்திரை

“ஒம்போதும் இருபத்திரெண்டும்லா. அது ரெண்டும் உள்ளுக்குள்ள இடம் மாறிப் போச்சி,” என்று வீரம்மா மீன் கடையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில் சொன்னது சீன மீன்காரருக்கு ஏறவில்லை என்று தெரிந்ததும் அதையே மலாயில் சொன்னாள். அவர் மீன் கழுவுவதை நிறுத்திவிட்டு எண்களை மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். சாயங்காலம் லாட்டரி நம்பர் கடையில் அவர் 0922 எடுப்பார் என்பது பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற மகள் பிரமிளாவுக்குத் தெரியும். ஈப்போ புந்தோங் பாசாரில் பாதிப் பேர் அந்த நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். இதுவரை ஒருவருக்கும் விழவில்லை.

அது வீரம்மாவின் ரத்தத்தைப் பற்றிய சேதி. சில வருடங்களுக்கு முன் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்த டாக்டர், ஒன்பதாவது குரோமோசோமின் துண்டும் இருபத்திரண்டாவதின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று தாளில் வரைந்து காட்டினார். பிரமிளா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீரம்மாவோ எண்களைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் இந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே பயப்படுவார்கள். வீரம்மா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு, அவள் இறங்கும் இடம் வருவதற்குள் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிடுவாள்.

“ஊசி கெடயாது, கரண்டு வைக்கல, ஒரு முடி கொட்டல. ஹரி-ஹரி, தெனமும் ஒரே ஒரு மாத்திரதான். அந்தக் காலமா இருந்தா நா எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் இந்த வகை ரத்தப் புற்று வந்தால் வேறொருவரின் எலும்பு மஜ்ஜை பொருந்திக் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் சில வருடங்களில் முடிந்துவிடும். இப்போது அந்த இடம் மாறிய துண்டு செய்கிற கெடுதலை மட்டும் தடுத்து நிறுத்த ஒரு மாத்திரை இருக்கிறது. வீரம்மா அதைத் தினமும் விழுங்கினாள், கச்சாங் பூத்தே என்கிற கடலைத் தீனி போடும் வீட்டுக்கு வேலைக்குப் போனாள், மகளோடு சண்டை போட்டாள், ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினாள். நோயாளி என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது.

அந்தக் கச்சாங் பூத்தே வேலை தனிக் கதை. பொரித்துக் கொட்டிய கடலையையும் முறுக்கையும் நிறுத்துப் பையில் போட்டு வாய் ஒட்டவேண்டும், அவ்வளவுதான். வீரம்மாவுக்கு நிறுத்த பிறகு இன்னும் ஒரு கை அள்ளிப் போடாமல் பையை மூட வராது. முதலாளி தவுக்கே திட்டினால் அந்தப் பக்கமாகப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “ருசி பாருங்கடா,” என்று அவர் கண்ணெதிரேயே ஆளுக்கு ஒரு பிடி கொடுப்பாள். “நல்ல சாமான விக்கிறவரு இதுக்கெல்லாம் மூஞ்சத் தூக்கக்கூடாதுலா,” என்று அவருக்கே புத்தியும் சொல்வாள். அவர் வேலையை விட்டு நிறுத்தாமல் இருப்பது எப்படி என்று பிரமிளாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். அடுப்பிலிருந்து இறங்கிய கறி மூன்று வீடு சுற்றிவிட்டுத்தான் பிரமிளாவின் தட்டுக்கு வரும். அவள் கார் சாமான் கம்பெனியில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. வேலைக்குப் போட்டுப் போகிற சப்பாத்தை ஒரு நாள் காலையில் காணோம். விசாரித்தால், மேல்மாடிப் பெண் ஒருத்தி இண்டர்வியூவுக்குப் போட்டுப் போயிருக்கிறாள். “சாயந்தரம் வந்திரும், தாப்பா, பரவால்ல,” என்றாள் வீரம்மா. பிரமிளா அன்று ரப்பர் செருப்போடு ஆபீஸ் போனாள். அம்மாவைத் திருத்தலாம் என்கிற எண்ணம் அன்றோடு அவளை விட்டுப் போயிற்று.

வீரம்மா பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே ஆஸ்பத்திரி என்று ஒரு கட்டடம், அதில் டிரெசர் என்று ஒரு கம்பவுண்டர் இருந்தார். காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் இடுப்பு வலிக்கும் அவர் ஒரே ஜாடியிலிருந்துதான் ஊற்றுவார். யாருக்காவது டானிக் ஒரு போத்தல் கிடைத்துவிட்டால் அந்த லயத்து வரிசை வீடுகளில் உள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி. தோட்டம் போய் அங்கே வீடமைப்பு வந்துவிட்டது. வீரம்மா புந்தோங் அடுக்குமாடிக்கு வந்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன. மருந்து என்றால் எல்லாருக்கும் பொது என்கிற நினைப்பு மட்டும் அவளிடம் அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டுத் தர்மா லாரி ஓட்டியவர். நல்ல ஆகிருதி, பெரிய சிரிப்பு. போன வருடம் ஈரலில் கட்டி வந்தது. பார்த்தபோது அது பரவியிருந்தது. வலிக்கு மருந்து தருகிறோம், வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் காலையில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வீரம்மாவும் தன் கோப்பியையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு அவருக்குத் துணையாகப் போய் உட்காருவாள். துணையாக இருக்கட்டுமே என்று பிரமிளாவும் விட்டுவிட்டாள். அம்மா செய்வதை ஏன் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை என்று பின்னால் தலையில் அடித்துக்கொண்டது அதனால்தான்.

விஷயம் பெரிய ஆஸ்பத்திரியில் வெளியே வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீரம்மாவின் ரத்தத்தைச் சோதித்து, அந்தக் கெட்ட செல்கள் எத்தனை மிச்சம் என்று மிஷினில் பார்ப்பார்கள். போன முறை மிஷின் கண்ணுக்கே படாத அளவுக்கு அது குறைந்திருந்தது. இந்த முறை அது மறுபடியும் ஏறியிருந்தது. டாக்டர் நிரோஷா திரையைப் பார்த்தார், பழைய கணக்கைப் பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“அம்மா, மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?”

“ஒழுங்காத்தான் டாக்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள்.”

டாக்டர் பிரமிளாவைப் பார்த்தார். பிரமிளா அம்மாவைப் பார்த்தாள்.

“அப்போ மத்த நாளு?” என்றார் டாக்டர்.

“மத்த நாளு தர்மாவுக்கு,” என்றாள் வீரம்மா. மறைக்கவேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. “பாவம் டாக்டர், அவனுக்கும் கேன்சருதான். எனக்கு மட்டும் நல்ல மாத்திரயக் குடுத்திட்டு அவன வீட்டுக்குப் போன்னுட்டாங்க.”

டாக்டர் நிரோஷா பொறுமையானவர். இந்த மாத்திரை எந்தக் கோளாறைப் பிடித்து நிறுத்துகிறதோ அந்தக் கோளாறு தர்மாவுக்குக் கிடையாது என்று விளக்கினார். “அவனுக்கு இல்லாத கோளாறா டாக்டர்?” என்று கேட்டாள் வீரம்மா. பெயர்தான் ஒன்று, நோய் வேறு வேறு என்றார் டாக்டர். தர்மாவின் கெட்டுப்போன ஈரலை இது இன்னும் கெடுக்கும் என்றார். வீரம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. அதன் பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்ததா என்பது சந்தேகம். பிரமிளாவின் காதில் விழுந்தது. இப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் நோய் மருந்துக்குப் பழகிவிடும். பழகிவிட்டால் இந்த மாத்திரை கேட்காது. அடுத்ததும் கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

கார் நிறுத்துமிடம் வரைக்கும் பிரமிளா முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வாயைத் திறந்தால் கத்திவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திய பிறகு கத்தினாள். கறியைக் கொடுத்தாய், சப்பாத்தைக் கொடுத்தாய், உயிரையுமா கொடுப்பாய் என்று கேட்டாள். வீரம்மா சன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“சோறு திங்கிறப்ப வாசல்ல ஒருத்தன் நின்னா நீ என்னா செய்வே, பிரமி?”

“இது சோறு இல்லம்மா.”

“எனக்கு அதுவும் இதுவும் ஒண்ணுதான். அவன் பாத்துகிட்டு இருக்கிறப்ப நா மட்டும் எப்படி முழுங்கிறது?”

“நீ செத்துப் போயிட்டா எனக்கு யாரும்மா இருக்கா?” என்றாள் பிரமிளா. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. சிக்னல் பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். வீரம்மா மகளின் தோளைத் தொட்டாள்.

தர்மாவிடம் சொல்லும் வேலையும் பிரமிளாவின் தலையில்தான் விழுந்தது. நாலு கேள்வி நறுக்கென்று கேட்கவேண்டும் என்று போனாள். அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண் மஞ்சள் பூத்திருந்தது. மனைவி துளசி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கேட்க நினைத்த கேள்விகளில் ஒன்றும் வெளியே வரவில்லை. டாக்டர் சொன்னதை மட்டும் எப்படியோ மென்று விழுங்கிச் சொல்லி முடித்தாள்.

“சரிம்மா, இனிமே வேணாம்,” என்றார் தர்மா. “அக்காவுக்கு இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாதுலா.” பிறகு மனைவி பக்கம் திரும்பி, “ஆனா அது போட்டப்ப கொஞ்சம் நல்லா இருந்திச்சில்ல, துளசி?” என்று கேட்டார்.

துளசி காலைப் பிடித்துவிடுவதை நிறுத்தவில்லை. பிரமிளா வீட்டுக்கு வந்து, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் காலை அவள் மாத்திரையும் தண்ணீருமாக அம்மா எதிரில் நின்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது, இருந்தாலும் நகருவதாக இல்லை. முழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லவேண்டும், நாக்குக்கு அடியிலும் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். வெளியே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தர்மா வந்து உட்கார்ந்துவிட்டார்.

வீரம்மா சண்டை போடவில்லை. மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

“ம்மா,” என்றாள் பிரமிளா.

வீரம்மா நடைப் பக்கம் பார்க்காமல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தோளில் கிடந்த துண்டால் வாயை மறைத்துக்கொண்டு, மாத்திரையை முழுங்கினாள்.