அகராதியின் 'ச' தட்டு

பார்சல் அலுவலகத்தில் அவருக்கு 'அகராதி' என்று பெயர். எதையும் அகர வரிசையில் அடுக்குவதால் வைத்த பட்டம் என்று அவர் பூரித்துப்போயிருந்தார். வைத்தவர்கள் மனசிலிருந்தது 'அகராதி பிடித்தவர்' என்கிற இன்னொரு அர்த்தம்.

ஐரோப்பா போகும் பார்சல்களைப் பிரிப்பது அவர் பொறுப்பு. நாட்டுக்கொரு தட்டு வைக்கலாமே என்றால் மூக்கு விடைத்துவிடும். எழுத்துக்கொரு தட்டுதான். பிரான்ஸ், பெல்ஜியம், போலந்து, போர்ச்சுகல், பின்லாந்து, பல்கேரியா எல்லாம் 'ப' தட்டில் மூச்சுத் திணறும். 'ட' தட்டில் டென்மார்க் ஒண்டியாகக் கால் நீட்டிப் படுத்திருக்கும். சாயங்காலம் தட்டுகளைக் காலிசெய்து நாட்டுப் பைகளில் போடுவதும் அவரே. முகவரியை முழுசாகப் படிப்பது கற்றுக்குட்டிகளுக்கு. அவருக்குத் தலையெழுத்தைப் பார்த்தாலே போதும்.

மகள் படிக்கப் போனது சுவீடனுக்கு. குளிருக்கு முன் சேரவேண்டுமென்று மனைவி கண் எரிய எரியக் கம்பளிக் கோட்டு ஒன்று தைத்தாள். "வேற யார்கிட்டயாவது குடுத்து அனுப்பட்டுமா?" என்று கேட்டும் பார்த்தாள்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார் அகராதி. தன் கையாலேயே 'ச' தட்டில் வைத்தார்.

அங்கே பனி கொட்டத் தொடங்கியது. பல் தந்தியடிக்க மகள் போன் செய்தாள். மனைவி இவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, கோட்டு எங்க?"

"விசாரிச்சுட்டேன். சுவிட்சர்லாந்துல பத்திரமா இருக்கு."

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல. ஆனா எழுத்து சரி பாரு. அதுவும் 'சு', இதுவும் 'சு'. என் தட்டுல தப்பே நடக்கல."

மறுநாள் காலை டீ வந்தது. ஒரே மடக்கு. அகராதியின் மீசையில் நுரை கட்டியது.

"டீல என்னத்தப் போட்ட?"

"சர்க்கரைன்னுதான் எடுத்தேன். சோப்புத்தூள் டப்பாவும் அங்கயே இருந்துச்சு. சமையல்கட்டை உங்க மாதிரியே அடுக்கிட்டேன். ரெண்டும் 'ச'தானே, என் தட்டுலயும் தப்பு நடக்கல. கோட்டு போய்ச் சேர்ற வரைக்கும் இப்படித்தான்."

அலுவலகத்துக்கு ஓடினார். சுவிட்சர்லாந்துக்குப் போன் போட்டு, 'சுவீடன்' என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். எழுத்துக்கொரு குமிழி வாயிலிருந்து கிளம்பி, மேலதிகாரியின் மேசைக்கு மேல் மிதந்து போய் உடைந்தது. நம்பாதவர்கள் மேலதிகாரியைக் கேட்டுக்கொள்ளலாம்.

பனி உருகுமுன் கோட்டு சேர்ந்துவிட்டது. அலுவலகத்தில் இப்போது நாட்டுக்கொரு தட்டு. வீட்டில் அகராதி தன் டீயைத் தானே போட்டுக்கொள்கிறார், டப்பாவின் மேல் எழுதியிருப்பதைக் கடைசி எழுத்துவரை வாய்விட்டுப் படித்தபிறகு.