அம்மாவின் கால்மாட்டில் ஒரு கிலுகிலுப்பை

அன்று கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள்: அக்கா, அவள் வீட்டுக்காரரான மாமா, கூலிக்குப் புல் வெட்டும் பெரியவர், நான். மண்ணுக்குள் இருந்த அம்மாவையும் சேர்த்தால் ஐந்து பேர். தொண்ணூறுகளில் ஒரு வருடம், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். விடிந்தால் எங்கள் நீலசந்திராப் பேட்டையில் பாதிப் பேர் மெழுகுவர்த்தியோடு வந்துவிடுவார்கள். அதற்குள் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும்.

அம்மாவின் கால்மாட்டில் ஒரு சாண் மண்ணில் மஞ்சள் பூவோடு ஒரு செடி படர்ந்திருந்தது. அம்மாவின் நினைவு நாளன்று, பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த தாவரவியல் டீச்சர் அதைப் பார்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்துவிட்டார். அவரை, துவரைக்குச் சொந்தக்காரச் செடியாம். கிலுகிலுப்பையில் ஒரு வகையாம். எத்தனையோ வருடமாகத் தேடுகிறாராம், பெங்களூரில் வேறெங்கும் கண்ணில் படவில்லையாம்.

"காய் காஞ்சு, உள்ள விதை கிலுகிலுன்னு ஆடணும், அப்பதான் விழுந்து மறுபடி முளைக்கும். அதுவரைக்கும் யாரும் கை வெக்காம பாத்துக்கோங்க" என்றார். தலையாட்டிவிட்டேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க மாட்டேன். தலையாட்டிய நாளிலிருந்து, ஆடு மேய்ந்திருக்குமோ, மழை அடித்துப் போயிருக்குமோ என்று ஒரே கவலை.

பெரியவர் மண்வெட்டியோடு கால்மாட்டுக்கு வந்ததும் ஒரு காயை ஆட்டிப் பார்த்தேன். பச்சை. சத்தமே இல்லை. செடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிடி" என்றாள் அக்கா. "அம்மா மேல காடு மண்டிக் கெடக்கு, பெத்த பொண்ணுங்க எட்டிக்கூடப் பாக்கலன்னு பேசுவாங்க."

"பேசட்டும்."

"ஃபாதர் தீர்த்தம் தெளிக்க வந்து கேட்டா?"

"நானே சொல்லிக்கறேன்." எழுந்திருக்கவில்லை.

மாமா சிரித்தார். "உங்கம்மா உயிரோட இருந்தப்ப நானே கிட்டப் போகப் பயப்படுவேன். இந்தச் செடிக்கு என்னா தைரியம் பாரு!"

"ஸ்வல்ப சீக்கிரம் சொல்லுங்கம்மா. இன்னும் நாலு கல்லறை இருக்குது" என்றார் பெரியவர், கன்னடம் கலந்து.

"சுத்தி வெட்டுங்கய்யா. இது மட்டும் வேணாம்."

அக்கா சிலுவைக்கு வாங்கி வந்த செவ்வந்திச் சரத்தை எடுத்துச் செடியைச் சுற்றி வட்டமாக வைத்தாள்.

"இப்பதான் நாம வெச்ச செடி மாதிரி இருக்கு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பேசிய கூலி முப்பது. பெரியவர் இருபதை மடித்து வைத்துக்கொண்டு பத்தைத் திருப்பிக் கொடுத்தார். "மிச்சத்தையும் வெட்டிட்டு வாங்கிக்கறேன்."

காய் காய்ந்து கிலுகிலுத்தது. விதை அங்கேயே விழுந்தது. மறுவருடமும் முளைத்தது. திருநாள் வேலைக்கு வரும்போதெல்லாம் பெரியவர், "இந்த வருசம் வெட்டிடலாமா?" என்று கேட்பார். "காய் இன்னும் முத்தலங்கய்யா" என்பேன்.

அவருக்கு நான் தர வேண்டியது இன்னும் பத்து ரூபாய்.