நம்ம அளத்து உப்பு

எனக்கு ஏழாம் மாதம். இன்று செக்கப்பில் பிபி மறுபடியும் ஏறியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா போடுறியா இல்லையா? இப்படியே ஏறுனா உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து" என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி நர்ஸ் கத்தினார்.

போடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மாமியார் மெதுவாக ஆரம்பித்தார்.

"சப்புன்னு சாப்புடுறியேன்னு மனசு கேக்கல. நான்தான் உன் குழம்புல கொஞ்சம் உப்பு போட்டுட்டு வர்றேன்."

குழம்பு எப்படி ருசித்தது என்று இப்போதுதான் புரிந்தது.

"ஏன் அத்த, டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொன்னாங்கல்ல?"

"அது பாக்கெட் உப்பும்மா. இது உன் புருஷன் வாருன உப்பு, நம்ம அளத்து உப்பு. ஒண்ணும் செய்யாது."

பக்கத்து சீட்டு அக்கா தலையாட்டினார். "ஆமாங்க, நம்ம உப்புல ஏது பிபி?"

மரக்காணம் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு உப்பைக் குறை சொல்லி நான் எங்கே ஜெயிப்பது?

இனி என் குழம்பை நானே வைத்துக்கொள்கிறேன். உப்பளமே இல்லாத ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால், கீழே கமெண்ட்டில் வந்து அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் தயவுசெய்து லைக் மட்டும் போடவும்.