கோழி அடையற நேரம்

தவிட்டுல பழைய சோத்தைப் போட்டுப் பிசைஞ்ச வாசம்... கூடவே அப்பாவோட தறி சத்தம். சென்னிமலையில எங்க வீட்டுச் சாயங்காலம்னா எனக்கு இது ரெண்டும்தான்.

அப்போ நான் அஞ்சாவது. மாமா வீட்டுல அழுது அடம்பிடிச்சு ஏழு கோழிக்குஞ்சு வாங்கிட்டு வந்திருந்தேன். அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை.

"ஒண்ணு தொலைஞ்சாலும் மிச்சத்தை உன்ற மாமன் ஊட்டுலயே கொண்டுபோய் உட்டுப்போடுவேன், பாத்துக்க அம்மணி."

அம்மா சொன்னா சொன்னதுதான்.

குஞ்சுங்க சின்னதா இருந்தப்போ, அப்பா நெய்யறப்போ காலைத் தொங்கவிடற தறிக்குழிக்குள்ள, ஒரு மூலையில கூடை வெச்சுப் படுக்க வைப்போம். குளிர் தெரியாது, கீரி பயமும் இல்லை. ரெண்டு மாசத்துல ரெக்கை முளைச்சு, குஞ்சும் இல்லாம கோழியும் இல்லாம ஒரு ரெண்டுங்கெட்டான் வயசு. அப்பா பழைய பலகையை அடிச்சு, வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில ஒரு கூடு செஞ்சு கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கலை.

முதல் நாள் சாயங்காலம். கூட்டுக் கதவைத் திறந்து வெச்சு "பா... பா... பா"ன்னு கூப்பிடறேன். ஒண்ணையும் காணோம்.

வேலி ஓரம், முருங்கை மரம், பக்கத்து வீட்டு விறகு அடுக்கு... எங்கேயும் இல்லை. கீரி ஒண்ணைத் தூக்கலாம், ஏழையுமா தூக்கும்? இருட்டிக்கிட்டு வருது. கடைக்குப் போன அம்மா எப்ப வேணா வந்துடுவாங்க. பாவாடையில மூக்கைத் துடைச்சுக்கிட்டே அழுதேன்.

அந்த நேரத்துல அப்பா, மிச்ச நெசவை முடிக்கலாம்னு தறியில உக்காந்து காலை உள்ளே விட்டார். விட்ட வேகத்துல வெளியே எடுத்துட்டார்.

"ஏனம்மணி... இங்க வந்து பாரு."

உள்ளே மிதிக்கட்டை மேல ஏழும் வரிசையா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, அரைத் தூக்கத்துல! எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

"புதுசா கூடு கட்டிப்போட்டோம்னு அதுகளுக்கு யாரு சொன்னது கண்ணு? மூணு நாளைக்கு நாமளே தூக்கிட்டுப் போய் உடோணும். அப்பறம் அதுகளே போயிரும்"னார் அப்பா.

அம்மா வந்து கூட்டுக்குள்ள எட்டிப் பார்த்தாங்க. ஏழு இருந்துச்சு. எண்ணிப் பார்த்துட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

மூணு நாள் தூக்கிட்டுப் போனோம். நாலாம் நாள், நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே ஏழும் உள்ளே போயிடுச்சு. கதவைச் சாத்தறது மட்டும்தான் எனக்கு மிச்சம்.

இது எதுக்கு இப்போ ஞாபகம் வந்துச்சுன்னா... போன வாரம், இப்ப நாங்க இருக்கற பீளமேட்டுக்குள்ளயே வேற வீட்டுக்கு மாறினோம். முதல் நாளே, பதினொண்ணாவது படிக்கிற என் பொண்ணு ஆறரை ஆகியும் வரலை. போன் சுவிட்ச் ஆஃப். டியூஷன்ல கேட்டா, அஞ்சரைக்கே கிளம்பிட்டாளாம். அப்பதான் சட்டுனு அந்தத் தறிக்குழி கண்ணு முன்னாடி வந்துச்சு. ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு நேரா பழைய வீட்டுக்குப் போனேன்.

பூட்டின கேட் முன்னாடி, பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

"பழக்கத்துல பழைய ஸ்டாப்லயே இறங்கிட்டேன்மா... புது வீட்டுக்கு எந்தச் சந்துன்னே தெரியலை. போன்ல சார்ஜும் இல்லை."

திட்டவே தோணலை. கெட்டியா கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

மூணு நாள் புது ஸ்டாப்ல நானே நின்னு கூட்டிட்டு வந்தேன். நாலாம் நாள் காலையில, "எனக்கு வழி தெரியும், நீ வராதேம்மா"ன்னுட்டா.

சாயங்காலம் நான் போகலை. பால்கனியில நின்னு, அவ தெருமுனை திரும்பி வர்றதைப் பார்த்துட்டு உள்ளே வந்துட்டேன். அப்பாடான்னு இருந்துச்சு. கொஞ்சம் வெறிச்சுன்னும் இருந்துச்சு.

அவ உள்ளே வந்தா. நான் கதவைச் சாத்தினேன்.