மோந்து பார்த்துக் கொடுத்த பவுடர்

பிள்ளைகளா, மாடியில் பார்லர் வைத்திருக்கும் அக்காவோடு நீங்கள் இருவரும் பேசுவதை நிறுத்தி ஒரு மாதமாகிறது. அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது அவள் கொடுத்த பவுடர்தான் என்று நினைக்கிறீர்கள். அது பாதிதான். மீதியை நான் சொல்லவில்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மீன் ஆகாது. கல்யாணமான புதிதில், காசிமேடு துறைமுகத்தில் மீன் எடை போடுகிறவனுக்கு இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று நம்ம கல்மண்டபம் ஏரியாவே சிரித்தது. அன்றிலிருந்து மீன் குழம்பு மொட்டைமாடியில், தனிச் சட்டியில், என் கையால்தான். அவளைக் காப்பாற்றுவது என் வேலை என்று எனக்கொரு பெருமை.

கார்மென்ட்ஸ் கம்பெனியில் நாள் முழுக்க நின்று நின்று அவளுக்கு முட்டி போய்விட்டது. பார்லர் அக்கா கொலாஜன் என்று ஒரு பவுடரைச் சொன்னாள். தோல், எலும்பு, மூட்டு எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிற சத்தாம், வயசானால் குறையுமாம். பெரிய டப்பாவிலிருந்து கொஞ்சம் கவரில் போட்டுக் கொடுத்தாள்.

மீன் எதுவும் சேராதே என்று கேட்டேன். அவள் நேர்மையாகத்தான் சொன்னாள். "தெரிலண்ணே. டப்பா பார்லர்ல கீது. எதுல செஞ்சதுன்னு படிச்சிட்டு வந்து சொல்றேன், அப்பால குடு."

நான் கவரைப் பிரித்து மோந்து பார்த்தேன். இருபது வருஷமாக, ஐஸ் பெட்டியை மூடி வைத்திருந்தாலும் உள்ளே இருப்பது கவலை மீனா காரப்பொடி மீனா என்று சொல்கிற மூக்கு. ஒரு வாடையும் இல்லை. படிக்க வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டேன்.

அம்மா பாலில் கலக்கி வைத்துக்கொண்டு ஒரு தடவை கேட்டாள். "இன்னாய்யா, எனக்கு ஆவுமா?"

"மோந்து பாத்துட்டேன். தைரியமா குடி."

"உன் மூக்குக்குக் கோயில்தான் கட்டணும்" என்று சிரித்துக்கொண்டே குடித்தாள்.

டம்ளரைக் கழுவிக்கூட வைக்கவில்லை, அதற்குள் உள்ளங்கை அரிக்கிறது என்றாள். கழுத்தெல்லாம் தடித்தது. உதடு வீங்கி வேறு யாரோ முகம் போல ஆகிவிட்டது. ஆட்டோவில் என் தோளைப் பிடித்து ஏதோ சொன்னாள், குரலே வரவில்லை. மூச்சு விசில் போல இழுத்தது. அவளிடம் "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டரம்மா கேட்டபோது மீன் தொடவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். பவுடர் என்றதும் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பார்லர் அக்கா அனுப்பினாள். டாக்டரம்மா அதைப் பெரிதாக்கிப் படித்தார்.

"இது மீன் தோல்லயும் செதில்லயும் எடுக்கிறதுங்க. மாட்டுலயும் எடுப்பாங்க, ஆனா இது மீன். வாடையே இல்லாம சுத்தம் பண்ணிடுவாங்க. மீன் ஆகாதவங்கள்ல சில பேருக்கு இதுவும் சேராது. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா கஷ்டம்."

என் சட்டைக் கைமடிப்பில் சங்கரா மீனின் செதில் ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். துறைமுகத்தில் செதிலை மூட்டை கட்டி வாங்கிப்போவார்கள். கோழித் தீவனத்துக்கு என்று நினைத்திருந்தேன், யாரையும் கேட்டதில்லை. முட்டிக்காவது இதனால் பலன் உண்டா என்று கேட்டேன். சிலருக்கு வலி கொஞ்சம் குறையலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, வயிற்றுக்குள் போனால் மற்ற புரதம் போல இதுவும் செரித்துத்தான் போகும் என்றார். உறுதியில்லாத ஒரு பலனுக்காக அவள் உயிரையே கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான். "பசங்க கிட்ட சொல்லாத. உன்ன மதிக்க மாட்டாங்க." பார்லர் அக்காவும் உங்களிடம் வாய் திறக்கவில்லை. அம்மாவைப் பார்க்க வந்தவளை, முகத்துக்கு நேரே நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அன்று மதியம் அம்மா தூங்கிய பிறகு அவளுடைய பர்ஸை எடுத்தேன். ஒரு அட்டையை அளவாக வெட்டி, "எனக்கு மீன் ஆகாது. மீனில் செய்த எதுவும் ஆகாது" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஆதார் கார்டுக்கு முன்னால், திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன்.